சீனாவில் ஓடும் எவோக் எங்கே தயாராகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாடாவின் காலாண்டுக் கணக்கு வரும்போதெல்லாம் சீனா பற்றிய பேச்சும் கூடவே வரும். டாடாவிடம் உள்ள லேண்ட் ரோவர் பிராண்டின் எஸ்யூவியான ரேஞ்ச் ரோவர் எவோக் இங்கிலாந்து வண்டியா, சீன வண்டியா, டாடா வண்டியா என்று பலரும் பலவிதமாகக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எவோக்கை மையமாக வைத்திருந்தாலும், வேறு வெளிநாட்டு பிராண்டுகளின் எஸ்யூவிகளையும் தேவையான இடங்களில் சேர்த்திருக்கிறேன்.

சீனாவில் விற்கிற எவோக் எந்த ஊரில் தயாராகுது?

சாங்ஷூவில். ஜியாங்சு மாகாணத்தில், சுஜோவ் நகர நிர்வாகத்தின் கீழ் வரும் ஊர் இது. யாங்சி ஆற்றின் தென்கரைப் பக்கம், ஷாங்காயிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 2012 நவம்பரில் அடிக்கல் நாட்டி, 2014 அக்டோபரில் ஆலையைத் திறந்தார்கள். முதலில் வெளிவந்தது எவோக். 2015ல் டிஸ்கவரி ஸ்போர்ட்டும் சேர்ந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,30,000 வண்டிகள் தயாரிக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது.

ஜாகுவார் லேண்ட் ரோவருக்கு (இனி ஜே.எல்.ஆர்) பிரிட்டனுக்கு வெளியே அமைந்த முதல் முழுமையான ஆலை இதுதான். ஆலையை நடத்துவது செரி ஜாகுவார் லேண்ட் ரோவர் என்ற கூட்டு நிறுவனம். அதில் செரி என்ற சீன நிறுவனத்துக்குப் பாதி, ஜே.எல்.ஆருக்குப் பாதி.

அப்போ சீனாவில் ஓடுற எல்லா லேண்ட் ரோவரும் சாங்ஷூவில் செஞ்சதா?

இல்லை. பிராண்டைச் சொல்லி "எங்கே தயாராகிறது" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. மாடலைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எவோக்கும் டிஸ்கவரி ஸ்போர்ட்டும் சாங்ஷூ. பெரிய ரேஞ்ச் ரோவர், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், வேலார் மூன்றும் இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையிலிருந்து கப்பலில் வருபவை. டிஃபெண்டரும் டிஸ்கவரியும் ஸ்லோவாகியாவின் நித்ரா நகரிலிருந்து வருகின்றன. அந்த ஆலை 2018ல் திறந்தது. இதே எவோக்கை ஐரோப்பாவில் வாங்கினால், அது லிவர்பூல் அருகே உள்ள ஹேல்வுட்டில் செய்ததாக இருக்கும். ஒரே ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மூன்று வண்டிகள் மூன்று நாட்டில் பிறந்தவையாக இருக்கலாம்.

செரின்னா யாரு? இங்கிலாந்து கம்பெனிக்கு அவங்க எதுக்கு?

செரி, அன்ஹுய் மாகாணத்தின் வூஹூ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சீன கார் நிறுவனம். விலை குறைந்த கார்களில் தொடங்கி, ஏற்றுமதியில் பெரிதாக வளர்ந்தது.

அவர்கள் எதற்கு என்றால், அப்போதைய சட்டம் அப்படி. 1994ல் சீனா வகுத்த வாகனத் தொழில் கொள்கைப்படி, வெளிநாட்டு கார் நிறுவனம் சீனாவில் ஆலை போட வேண்டுமானால் உள்ளூர்ப் பங்காளி வேண்டும். வெளிநாட்டவர் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய பங்காளிகளெல்லாம் ஏற்கெனவே மற்றவர்களோடு ஜோடி சேர்ந்துவிட்டார்கள். ஷாங்காய் நிறுவனம் ஃபோக்ஸ்வாகனோடும் ஜெனரல் மோட்டார்ஸோடும், டோங்ஃபெங் ஹோண்டாவோடும் நிசானோடும், ப்ரில்லியன்ஸ் பிஎம்டபிள்யூவோடும் இருந்தன. தாமதமாக வந்த ஜே.எல்.ஆருக்குச் செரி கிடைத்தது. செரிக்கும் ஓர் உயர்தர வெளிநாட்டு பிராண்டோடு வேலை செய்யும் அனுபவம் தேவைப்பட்டது. 2012 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. திட்டத்தின் மதிப்பு 1,090 கோடி யுவான்.

ஜே.எல்.ஆர் டாடாவோடதுதானே? அப்ப சீன ஆலையும் டாடாவுக்குச் சொந்தமா?

பாதிதான். டாடா மோட்டார்ஸ் 2008ல் ஃபோர்டிடமிருந்து ஜே.எல்.ஆரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. சாங்ஷூ ஆலையில் ஜே.எல்.ஆருக்குப் பாதிப் பங்கு. அதன் வழியாகத்தான் டாடாவின் உரிமை வருகிறது.

பங்குச் சந்தையைப் பார்க்கிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். ஜே.எல்.ஆர் வெளியிடும் மொத்த விற்பனை (ஹோல்சேல், அதாவது டீலர்களுக்கு அனுப்பியவை) எண்ணிக்கையில் "சீனக் கூட்டு நிறுவனம் நீங்கலாக" என்று ஒரு குறிப்பு இருக்கும். அதாவது சாங்ஷூவில் செய்து விற்ற எவோக் அந்த எண்ணில் சேராது. அந்த ஆலையின் வருமானமும் ஜே.எல்.ஆரின் வருமானத்தில் நேரடியாகச் சேராது. லாபமோ நஷ்டமோ, அதில் தன் பங்கு மட்டும் தனி வரியாகக் கணக்கில் வரும். சில்லறை விற்பனைக் கணக்கில் சீனாவுக்கு ஓர் எண்ணும் மொத்த விற்பனைக் கணக்கில் வேறோர் எண்ணும் இருப்பதைப் பார்த்து, கணக்கில் ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவு சிக்கல் எதுக்கு? இங்கிலாந்திலேயே செஞ்சு கப்பல்ல அனுப்பிடலாமே?

வரிதான் காரணம். சாங்ஷூ ஆலை திறந்த காலத்தில் சீனாவுக்குள் வரும் காருக்கு 25 சதவீத இறக்குமதித் தீர்வை. துறைமுகத்தில் 3,00,000 யுவான் மதிப்புள்ள வண்டி என்றால் 75,000 யுவான் அங்கேயே போய்விடும். அதோடு முடியாது. மதிப்புக் கூட்டு வரியும் நுகர்வு வரியும் அந்தத் தீர்வையையும் சேர்த்த தொகைமீதுதான் கணக்கிடப்படும். வரிக்கு மேல் வரி.

2018 ஜூலை 1 முதல் தீர்வை 15 சதவீதமாகக் குறைந்தது. அதே வண்டிக்கு இப்போது 45,000 யுவான். வித்தியாசம் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. அதிகம் விற்கும், ஒப்பீட்டளவில் சிறிய மாடல்களை உள்ளூரில் செய்வதும், குறைவாக விற்று அதிக லாபம் தரும் பெரிய ரேஞ்ச் ரோவரை இறக்குமதி செய்வதும் இந்தக் கணக்கால்தான். ஒரு மாடலுக்கென்று அச்சுகள், வெல்டிங் வரிசை எல்லாம் புதிதாகப் போட வேண்டும். அந்தச் செலவு மீள எண்ணிக்கை வேண்டும்.

உள்ளூர்ல செஞ்சா வரியே கிடையாதா?

இறக்குமதித் தீர்வை மட்டும் கிடையாது. நுகர்வு வரி உள்ளூர் வண்டிக்கும் உண்டு. அது இன்ஜின் அளவைப் பொறுத்தது: 1.5 லிட்டருக்கு மேல் 2 லிட்டர் வரை 5 சதவீதம், 2.5க்கு மேல் 3 லிட்டர் வரை 12, அதற்கு மேல் 4 லிட்டர் வரை 25, 4 லிட்டரைத் தாண்டினால் 40. சாங்ஷூ வண்டிகளில் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்ததற்கு இந்தப் படிநிலை ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. மதிப்புக் கூட்டு வரி 2019 ஏப்ரலிலிருந்து 13 சதவீதம், எல்லாருக்கும் ஒன்றுதான்.

பாகங்களைக் கொண்டுபோய் அங்க பூட்டுறதைத்தான் "தயாரிப்பு"ன்னு சொல்றாங்களா? நம்ம புனே மாதிரி?

இல்லை, இது வேறு. ஜே.எல்.ஆர் வண்டிகளுக்காகப் புனேயில் 2011 முதல் நடப்பது பெரும்பாலும் பிரித்து அனுப்பப்பட்ட பாகங்களைப் பொருத்துவது. ஃப்ரீலேண்டர் 2ல் தொடங்கி, எவோக், டிஸ்கவரி ஸ்போர்ட், 2024ல் பெரிய ரேஞ்ச் ரோவர் வரை அப்படித்தான். பாடியின் தகடு அங்கே அழுத்தப்படுவதில்லை.

சாங்ஷூவில் தகட்டுச் சுருள் ஆலைக்குள் வருகிறது. பிரஸ் ஷாப்பில் அழுத்தி, பாடி ஷாப்பில் வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து, கடைசி வரிசையில் எல்லாவற்றையும் பொருத்துகிறார்கள். ஜாகுவார் எக்ஸ்எஃப்எல் காருக்காக அலுமினிய பாடி ஷாப் ஒன்றும் போட்டார்கள். 2017 ஜூலையில் அதே வளாகத்தில் இன்ஜின் ஆலையும் திறந்தது. ஜே.எல்.ஆர் பிரிட்டனுக்கு வெளியே அமைத்த முதல் இன்ஜின் ஆலை அது. இத்தனையும் ஓரிடத்தில் இருப்பதை வெறும் பொருத்துதல் என்று சொல்வது அங்கே வேலை செய்பவர்களுக்கு நியாயமாகாது.

சாங்ஷூ எவோக்கும் ஹேல்வுட் எவோக்கும் ஒரே வண்டிதானா?

அடிப்படை ஒன்றே. வடிவமைப்பும் பொறியியலும் ஜே.எல்.ஆருடையவை. ஆனால் சீன வாடிக்கையாளருக்குப் பின்சீட்டில் கால் நீட்ட இடம் முக்கியம். அதனால் அங்கே மட்டும் எவோக் எல் என்று நீண்ட வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) கொண்ட வண்டி வந்தது.

இது ஜே.எல்.ஆருக்கு மட்டுமான பழக்கம் இல்லை. பிஎம்டபிள்யூ எக்ஸ்5க்குச் சீனாவில் வீல்பேஸ் 13 சென்டிமீட்டர் கூடியது. மெர்சிடிஸ் ஜிஎல்சிக்கும் எல் உண்டு. டெஸ்லாகூட 2025 ஆகஸ்டில் ஆறு சீட் கொண்ட மாடல் ஒய் எல் வண்டியை அங்கே இறக்கியது. பெயருக்குப் பின்னால் எல் இருந்தால் அது சீனாவை நினைத்து நீட்டப்பட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சீனாவில் செஞ்சா தரம் குறையும்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஊரைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்வதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. 2015 மார்ச் 15 அன்று, நுகர்வோர் உரிமை நாளில், சீன அரசுத் தொலைக்காட்சி எவோக்கின் கியர்பாக்ஸ் கோளாறைப் பற்றி நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதையடுத்து 36,000க்கும் மேற்பட்ட எவோக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவை சாங்ஷூவில் செய்தவை அல்ல, இறக்குமதியானவை. உள்ளூர் வண்டி அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது.

அதற்காகச் சாங்ஷூவில் எல்லாம் சுமுகமாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. 2018ல் சீன கார் சந்தையே பல ஆண்டுகளுக்குப் பிறகு சுருங்கியது. ஜே.எல்.ஆருக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது; 2018-19 நிதியாண்டில் சீன விற்பனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. தரம் பற்றிய புகார்கள், டீலர்களின் அதிருப்தி, அளவுக்கு மீறிய தள்ளுபடி எல்லாம் சேர்ந்த விளைவு அது. அந்த ஆண்டு டிசம்பர் காலாண்டில் ஜே.எல்.ஆரின் சொத்து மதிப்பு 310 கோடி பவுண்டு குறைத்து எழுதப்பட்டு, டாடா மோட்டார்ஸ் சுமார் 27,000 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது நினைவிருக்கும். சாங்ஷூவின் கொள்ளளவிலும் பெரும்பகுதி பயன்படாமல் கிடந்தது. தரத்தை எடைபோட வேண்டுமானால் அந்த மாடலின், அந்த ஆண்டின் ரீகால் விவரத்தைப் பாருங்கள். ஆலை எந்த நாட்டில் என்பது அதைச் சொல்லாது.

லேண்ட்விண்ட்னு ஒரு வண்டி அச்சு அசலா எவோக் மாதிரி இருக்கே, அதுதான் சீனாவில் செஞ்ச எவோக்கா?

இல்லவே இல்லை. லேண்ட்விண்ட் எக்ஸ்7, ஜியாங்லிங் என்ற வேறொரு சீன நிறுவனத்தின் வண்டி. செரிக்கோ சாங்ஷூவுக்கோ அதோடு சம்பந்தம் கிடையாது. 2014 நவம்பரில் குவாங்ஜோ வாகனக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். சாங்ஷூ ஆலை திறந்து ஒரு மாதம்கூட முழுதாக ஓடாத நேரம். விலை எவோக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

வழக்கு நீண்டது. 2016ல் இரு தரப்பின் வடிவமைப்புக் காப்புரிமையும் ரத்தானது. ஜே.எல்.ஆர் விண்ணப்பிப்பதற்கு முன்பே எவோக்கைப் பொதுமக்களுக்குக் காட்டிவிட்டது, அதனால் அது புதுமை ஆகாது என்பது காரணம். பிறகு, நேர்மையற்ற வணிகப் போட்டி என்ற அடிப்படையில் வழக்கு நடந்தது. 2019 மார்ச்சில் பெய்ஜிங்கின் சாவோயாங் மாவட்ட நீதிமன்றம், எவோக்கின் ஐந்து தனித்த அம்சங்களை லேண்ட்விண்ட் அப்படியே எடுத்திருக்கிறது என்று தீர்ப்பளித்தது. தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தி, நஷ்டஈடு தரவும் உத்தரவிட்டது. சீன நீதிமன்றம் உள்ளூர் கார் நிறுவனத்துக்கு எதிராக வெளிநாட்டு நிறுவனத்துக்கு இப்படித் தீர்ப்புத் தருவது அன்றைக்குப் பெரிய செய்தி.

பிஎம்டபிள்யூ எக்ஸ்5 அமெரிக்காவில் செய்றதுன்னு படிச்சேன். சீனாவில் ஓடுறதும் அதுதானா?

முன்பு அப்படித்தான். தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 2018ல் அமெரிக்க-சீன வரிச் சண்டையில், தீர்வையை 15 சதவீதமாகக் குறைத்த அதே ஜூலையில், அமெரிக்காவில் செய்த கார்களுக்கு மட்டும் கூடுதலாக 25 சேர்த்து 40 ஆக்கியது சீனா. சில மாதங்களில் அதை நிறுத்திவைத்தாலும் பாடம் கற்றுக்கொண்டார்கள். 2022 முதல் சீனாவுக்கான எக்ஸ்5, மேலே சொன்ன நீண்ட வடிவில், வடகிழக்கு நகரமான ஷென்யாங்கில் தயாராகிறது. எக்ஸ்3 அதற்கு முன்பே அங்கே போயிருந்தது.

ஹோண்டா சிஆர்-வியும் ப்ரீஸும் ஒரே வண்டி மாதிரி இருக்கே, எது ஒரிஜினல்?

இரண்டுமே ஒரிஜினல். ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஒரே வகை வாகனத்துக்கு இரண்டு கூட்டு நிறுவனம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று சீன விதி இருந்தது. ஹோண்டாவுக்கு வூஹானில் டோங்ஃபெங், குவாங்ஜோவில் ஜிஏசி என்று இரண்டு சீனப் பங்காளிகள். சிஆர்-வி டோங்ஃபெங்கிடம் தயாராகிறது. அதையே முகத்தை மாற்றி ப்ரீஸ் என்று ஜிஏசி விற்கிறது. டொயோட்டாவிலும் இதே கதைதான்: எஃப்ஏடபிள்யூ என்ற சீன நிறுவனத்திடம் ஆர்ஏவி4, ஜிஏசியிடம் வைல்ட்லேண்டர். இரண்டு பங்காளியும் மனம் கோணாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

டெஸ்லாவுக்கு மட்டும் எப்படிப் பங்காளி இல்லாம ஆலை போட விட்டாங்க?

விதி மாறியது. மின்வாகனங்களுக்கு 2018லேயே பங்கு வரம்பை எடுத்துவிட்டார்கள். அதைப் பயன்படுத்தி டெஸ்லா 2019 ஜனவரியில் ஷாங்காயில் வேலையைத் தொடங்கி, 2021 ஜனவரியில் மாடல் ஒய் வரை வந்துவிட்டது. சாதாரண பயணிகள் கார்களுக்கு 2022 ஜனவரி 1 முதல் வரம்பு நீங்கியது. அடுத்த மாதமே பிஎம்டபிள்யூ தன் கூட்டு நிறுவனப் பங்கை 75 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. ஜே.எல்.ஆரும் செரியும் பாதிப் பாதியாகவே தொடர்ந்தன.

சீனாவுக்குன்னு செஞ்ச எஸ்யூவி வேற நாட்டுக்கும் போகுமா?

போகும். பிஎம்டபிள்யூவின் முதல் ஐஎக்ஸ்3 2020 முதல் ஷென்யாங்கில் மட்டுமே தயாராகி ஐரோப்பாவுக்கும் போனது. ஜெர்மானியர் ஓட்டிய அந்த ஐஎக்ஸ்3 ஜெர்மனியில் செய்தது இல்லை. ப்யூக் என்விஷன் 2016 முதல் ஷாண்டோங்கின் யான்டாயிலிருந்து அமெரிக்கா சென்றது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் சீனாவில் செய்த மின்கார்களுக்கு, வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் கூடுதல் தீர்வை போட்டபோது, ஷாங்காய் டெஸ்லாவுக்கும் 7.8 சதவீதம் விழுந்தது. தீர்வை பிராண்டின் பூர்வீகத்தைப் பார்ப்பதில்லை. புதிய தலைமுறை ஐஎக்ஸ்3 ஐரோப்பாவுக்கு ஹங்கேரியின் டெப்ரசெனிலிருந்து வருகிறது.

ஒரு வண்டி எங்க செஞ்சதுன்னு சேசிஸ் நம்பரை வெச்சுக் கண்டுபிடிக்கலாமா?

ஓரளவு முடியும். 17 இலக்க எண்ணின் முதல் எழுத்து எல் என்றால் சீனா. ஷென்யாங் பிஎம்டபிள்யூ எல்பிவி என்றும் ஷாங்காய் டெஸ்லா எல்ஆர்டபிள்யூ என்றும் தொடங்கும். பிரிட்டனுக்கு எஸ், லேண்ட் ரோவர் என்றால் எஸ்ஏஎல்.

ஆனால் முதல் மூன்று எழுத்து நிறுவனத்தைத்தான் குறிக்கிறது, ஆலையை அல்ல. ஸ்லோவாகியாவில் செய்த டிஃபெண்டருக்கும் எஸ்ஏஎல்தான். ஆலையைத் தெரிந்துகொள்ள வழக்கமாக 11ஆவது இடத்தைப் பார்க்க வேண்டும். சீனாவில் இருந்தால் இன்னொரு வழி, பின்கதவின் இடது பக்கம். கூட்டு நிறுவனத்தின் பெயர் சீன எழுத்தில் ஒட்டியிருந்தால் அது உள்ளூர் வண்டி. இறக்குமதி வண்டியில் அது இருக்காது.

ராணிப்பேட்டையில் வர்ற ஆலையும் சாங்ஷூ மாதிரிதானா?

உரிமையில் இல்லை. பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டிய ஆலை டாடாவின் சொந்த ஆலை. 9,000 கோடி ரூபாய் முதலீடு, படிப்படியாக ஆண்டுக்கு 2,50,000 வண்டிகள் என்பது திட்டம். டாடா வண்டிகளும் ஜே.எல்.ஆர் வண்டிகளும் அங்கே தயாராகும் என்று அறிவித்தார்கள். லாபத்தைப் பாதி கொடுக்க ஒரு செரி இங்கே இல்லை.

ஃப்ரீலேண்டர் திரும்ப வருதாமே? அது லேண்ட் ரோவரா, செரியா?

2024 ஜூனில் ஜே.எல்.ஆரும் செரியும் ஓர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டன. அதன்படி ஃப்ரீலேண்டர் என்ற தன் பழைய மாடலின் பெயரை ஜே.எல்.ஆர் உரிமமாகக் கொடுக்கிறது. வண்டியின் அடித்தளம் செரியின் மின்வாகனத் தளம். தயாரிப்பது சாங்ஷூவில் இருக்கும் அதே கூட்டு நிறுவனம். முதலில் சீனாவில், தனி விற்பனை நிலையங்கள் வழியாக விற்று, பிறகு ஏற்றுமதி செய்வது நோக்கம்.

எனவே சாங்ஷூ எவோக்குக்குச் சொன்ன பதில் இதற்குப் பொருந்தாது. அங்கே வடிவமைப்பும் பொறியியலும் இங்கிலாந்திலிருந்து வந்தன, சீனாவில் செய்தார்கள். இங்கே பெயர் மட்டும் இங்கிலாந்திலிருந்து வருகிறது, பொறியியல் சீனாவுடையது. லேண்ட் ரோவர் குடும்பத்தில் சேராத தனி பிராண்டாகவே இதை அறிவித்திருக்கிறார்கள். 2012ல் தொழில்நுட்பம் கற்க வந்த பங்காளியிடமிருந்து இப்போது தளத்தை வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.